ஆடி வெள்ளியில் அப்பாவுக்கு வந்த சாமி

முதல் தடவை கூப்பிட்டால் காதில் விழாதது போல இருந்துவிட்டு, இரண்டாவது தடவைக்கு மட்டும் "ம்?" என்று திரும்புகிற என் அம்மாவுக்கு,

அம்மா. அம்மா.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் வந்துகொண்டிருந்த சாமி, பேச்சி, இப்போது அப்பாவிடம் வந்திருக்கிறாள். நீ நம்ப மாட்டாய். நானே கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். நடுமலையில் ஜீப்புக்குப் பிரேக் பிடிக்காதபோதுகூட முகத்தில் ஒரு சுருக்கம் விழாத மனிதர், ஊரே பார்க்க, முடியே இல்லாத தலையைச் சுழற்றிச் சுழற்றி ஆடினார்.

இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். காரணம், உனக்குப் படிக்கத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை முதல் கரண்ட் பில் வரை யாராவது சத்தமாகப் படிக்க, நீ அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொள்வாய். இதையும் எங்காவது யாராவது வாய்விட்டுப் படிப்பார்கள். நீ இருக்கிற இடத்தில் இருந்து கேட்டுக்கொள். நேரில் பேசுவதைவிட எனக்கு இதுதான் சௌகரியம் என்பதும் உனக்குத் தெரியும்.

மற்றவர்களும் படிப்பதால் உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்.

நாங்கள் தேனி மாவட்டத்துக் கூடலூர்க்காரர்கள். அப்பா ஜீப் ஓட்டுகிறார். காலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி தாண்டிப் போய், சாயந்திரம் இறக்கிவிடுவார். ஜீப்பில் அவர் போடுகிற சத்தம் மலைக்கே கேட்கும். வீட்டுக்குள் வந்தால் வாயில் பூட்டு. நீயும் அப்படித்தான். "என்னங்க" என்று ஆரம்பிப்பாய். அவர் திரும்பியதும் "ஒண்ணுமில்ல" என்று முடிப்பாய். இந்த இரண்டு பேருக்கும் பிறந்த நான் எப்படி இருப்பேன்? பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" சொல்ல வெட்கப்பட்டு, வந்த நாளிலும் வராதவளாக இருந்திருக்கிறேன்.

எப்போதாவது உனக்கு உடம்புக்கு ஆகாமல் போகும். சோறு இறங்காது, தலை பாரமாக இருக்கும், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். ஆஸ்பத்திரி மாத்திரை கேட்கவில்லை என்றால் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா கோடாங்கியைக் கூட்டி வருவார். கோடாங்கி மாமா உட்கார்ந்து உடுக்கையை எடுப்பார். அடி மெல்ல ஆரம்பித்து, வேகம் கூடக் கூட உன் கொண்டை அவிழும். பேச்சி வருவாள். வேண்டியதைக் கேட்பாள். தருவதாக ஒப்புக்கொண்டதும், கோடாங்கி அடியைக் குறைத்துக் குறைத்து அவளை மலையேற்றி அனுப்புவார். மறுநாள் நீ எழுந்து தோசைக்கு அரைப்பாய். ஒரு வலியும் இருக்காது.

வேறு வீட்டுச் சாமிகள் கோழி கேட்டன, சுருட்டு கேட்டன. நம் வீட்டுப் பேச்சி மிக்ஸி கேட்டாள்.

"ஏலே! அம்மியில அரைச்சு அரைச்சு இவ கையப் பாருடா! மிக்ஸி வேணும்டா எனக்கு!"

அப்பா கைகூப்பியபடி, "வாங்கித் தாறேன் தாயி" என்றார்.

"மூணு ஜாரு உள்ளதா வாங்குடா!"

அப்புறம் குளியலறைக்குக் கதவு கேட்டாள். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், உனக்குப் பத்து நாள் சோறு இறங்கவில்லை. அன்றைக்குக் கோடாங்கி மாமா வழக்கம்போல, "என்ன தாயி வேணும்? கோழியா, கெடாயா?" என்று கேட்டார்.

"கோழியும் வேணாம், கெடாயும் வேணாம். புள்ளைய கம்ப்யூட்டர் படிக்க வைங்கடா!"

கோடாங்கி மாமாவின் கை ஒரு நொடி தடுமாறியது. அப்பா அவர் காதருகே போய், "பஸ் பாஸ் கெடைக்குமான்னு ஒரு வார்த்த கேளுங்க" என்றார்.

"கெடைக்கும்டா!" என்று பேச்சி கத்தினாள். "நான் விசாரிச்சுட்டேன்!"

இப்படித்தான் நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி உண்டானாள். கல்விக்கடன் எல்லாரும் வாங்குகிறார்கள். சாமி உத்தரவில் பி.எஸ்சி. படித்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

அம்மா, அந்த பஸ் பாஸ் விஷயம் பேச்சிக்கு எப்படித் தெரிந்தது? அது அவள் விசாரித்ததா, நீ விசாரித்ததா? எத்தனையோ தடவை நாக்கு நுனி வரை வந்திருக்கிறது. ஆனால் சாமி வந்தவரிடம் மறுநாள் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது வழக்கம். வந்தவருக்கு ஒன்றும் நினைவிருக்காது, நாமும் நினைவூட்டக் கூடாது. கேட்காமலே இருந்தேன். அப்புறம் நீ ஒரு மார்ச் மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவும் கூச்சப்பட்டு, சொல்லாமலே போய்விட்டாய்.

நீ போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றுகிற வேலைக்குப் போனேன். சாயந்திரம் வந்து உலை வைப்பேன். அப்பா "சாப்டியா?" என்பார். நான் "ம்" என்பேன். அந்த நாளுக்கான பேச்சு முடிந்தது.

அப்போதுதான் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்பில் சத்தம் செய்ய ஆரம்பித்தேன். பாட்டு இல்லை, சத்தம். பாட்டு என்றால் குரல் வேண்டும், குரல் எனக்கு ஏது? உடுக்கை அடியின் கணக்கு என் விரலுக்குத் தெரியும். அதைத் தட்டி ஏற்றி, ரப்பரைப் போல இழுத்து, அடியில் ஜீப் மலையேறும்போது வரும் உறுமலைப் போல ஒன்றை விட்டு, நடுவில் மோட்டார் ரூம் இரைச்சலைத் தூவினேன். மெல்லத் தொடங்கி, அரைமணி நேரம் ஏறிக்கொண்டே போகும். கேட்டால் தலைபாரம் இறங்கியது. எனக்காவது இறங்கியது.

காதில் மாட்டுகிற ஹெட்போனில் ஒரு பக்கம் போய்விட்டால் ஸ்பீக்கரில் மெதுவாகப் போடுவேன். அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்வார்: "ஏத்தா, இன்வெர்ட்டர்ல என்னமோ சத்தம் வருது பாரு. எலெக்ட்ரீசியனக் கூப்பிடட்டா?"

வேறு பெயரில் அதை இன்டர்நெட்டில் ஏற்றினேன். எந்த நாட்டுக்காரரோ ஒருவர், கேட்டதும் தூங்கிவிட்டதாக எழுதியிருந்தார். பாராட்டா, திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. கொச்சியிலிருந்து ரேஷ்மா சேச்சி என்று ஒருவர் எழுதினார். இந்த மாதிரி இசையைச் சின்னச் சின்ன அரங்குகளில் வாசிக்கிற கூட்டம் அவர்களுடையது. போனில் பேசினார்.

"மோளே, இது எவ்விட நின்னு கிட்டியது?"

"வீட்ல இருந்து சேச்சி."

"நீ இங்கோட்டு வா. ஆறு மாசம். எங்களோடு வேலை செய். தங்க இடம் உண்டு, சம்பளமும் உண்டு."

அம்மா, அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. எனக்கு ஒன்று வேண்டும் என்று இவ்வளவு பெரிதாக அதுவரை தோன்றியதே கிடையாது. காலேஜ்கூட நீ ஆசைப்பட்டது, நான் போனேன். இது முழுக்க என்னுடையது.

அப்பாவிடம் தரையைப் பார்த்தபடி சொன்னேன். அவர் கேட்டார்: "என்ன வேல?"

"சத்தம் போடுற வேலப்பா."

"அதுக்கு எதுக்குக் கொச்சி? நம்ம குமுளி ஜீப் ஸ்டாண்டுலயே போடலாமே" என்றவர், கொஞ்சம் கழித்து "பாப்போம்" என்றார்.

நம் வீட்டில் "பாப்போம்" என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் கம்மல் விஷயத்தில் "பாப்போம்" என்றார். நீ அதைப் பார்க்காமலே போனாய்.

ரேஷ்மா சேச்சி விடவில்லை. உங்கள் ஊரிலேயே ஒரு நிகழ்ச்சி வைப்போம், அப்பா வந்து பார்க்கட்டும், பார்த்தால் மனசு மாறும் என்றார். கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. ஆடி மாசம் கல்யாணம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடந்தது, வாடகையும் குறைவு. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஏற்பாடு. கொச்சிக்காரர்களுக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான். ஆடி வெள்ளியில் உடுக்கை அடியைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்காவது உறைத்திருக்க வேண்டும். அம்மா, நான் அதை இசை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்!

ரேடியோ செட் மாரியப்பன் அண்ணன் கோயில் கொடைக்குப் போடுகிற செட்டையே கொண்டுவந்து இறக்கினார். அவர் கொண்டுவந்த பெட்டிகளில் ஒரு குடும்பம் குடியிருக்கலாம்.

"பேஸ் சத்தம் எம்புட்டுத்தா வேணும்?"

"கொஞ்சம்ண்ணே."

"கொஞ்சங்கிற பேச்சே நம்ம செட்டுல கெடையாது" என்று சொல்லிவிட்டு வயரைச் சொருகினார்.

மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் சோபாவை நகர்த்த முடியவில்லை. அதிலேயே லேப்டாப்போடு என்னை உட்காரவைத்தார்கள். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் அத்தை, விளக்கு பூஜை என்று நினைத்துக்கொண்டு தெருப் பெண்களைக் கூட்டி வந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏண்டி ஈஸ்வரி, பொண்ணு இருக்க, மாப்பிள்ளை எங்க?" என்று மண்டபமே கேட்கும்படி கேட்டது. கொச்சிப் பிள்ளைகள் நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். கோடாங்கி மாமாவும் முழங்காலுக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு, கையில் பஜ்ஜியோடு வந்து உட்கார்ந்தார். முதல் வரிசை நடுவில் அப்பா. கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பரீட்சைக்கு வந்தவர் போல முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் தொடங்கினேன். தலையே நிமிரவில்லை. அடி ஏற ஏற மண்டபத்து ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன. என் வீட்டில் இன்வெர்ட்டர் போலக் கேட்டது மாரியப்பன் அண்ணன் செட்டில் மலை நகர்வதைப் போலக் கேட்டது. சின்னத்தாய் அத்தை யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது: "ஏடி, இது நம்ம அடி மாதிரில்ல இருக்கு?"

அப்புறம் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் வலது கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. குரக்களி பிடித்து இழுக்கிறது என்று நினைத்தேன். அடுத்து இடது கால். அடுத்து தோள். அப்புறம் அவர் எழுந்தார் அம்மா. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து மேடை வரை வந்து விழுந்தது. தலையைச் சுழற்றி, பல்லைக் கடித்து, "ஊ...ய்!" என்று ஒரு குரல் கொடுத்தார். கொச்சிப் பையன் ஒருவன் பரவசமாகப் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டான்.

நான் பதறிப்போய் ஸ்பேஸ் பாரை அழுத்தினேன். சத்தம் பட்டென்று நின்றது. அப்பா மட்டும் நிற்கவில்லை.

"நிப்பாட்டாத!" என்று கோடாங்கி மாமா பஜ்ஜியை வீசிவிட்டு எழுந்தார். "வரவழைச்சுட்டுப் பாதியில நிப்பாட்டுனா அவ எங்கிட்டுப் போவா? போடு! போடு!"

மறுபடி அழுத்தினேன். "மாமா, நீங்க வந்து கேளுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நான் எப்படிக் கேக்க? யாரு அடிச்சு வந்துச்சோ அவுகதான் கேக்கணும். இது உன் அடிக்கு வந்தது. எறங்கு கீழ."

மாரியப்பன் அண்ணன் எங்கிருந்தோ ஒரு மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். அதில் எக்கோ போட்டிருந்தது. வாழ்க்கையில் மைக்கைத் தொட்டிராதவள் நான்.

"யாரு... நீங்க?" என்றேன். நீங்க, நீங்க, நீங்க என்று மண்டபம் முழுக்கப் போய் வந்தது.

"சாமியப் போயி நீங்கன்னு கேக்குறாளே, இவ படிச்ச படிப்பு!" என்றார் கோடாங்கி மாமா. "நீன்னு கேளு. அதட்டிக் கேளு."

அம்மா, எதிரே நிற்பது அப்பா. அவரை நான் எப்படி நீ என்பேன்? கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாரு நீ?"

"பேச்சிடி!"

மண்டபத்தில் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சின்னத்தாய் அத்தை குலவை போட்டது.

"எங்கம்மாகிட்ட வந்த பேச்சியா?"

"அவளேதான். உங்கம்மா போயிட்டா. வீட்டுல வேற ஆளு இல்ல. அதான் இந்த மொட்டத் தலையன்கிட்ட வந்து நிக்கிறேன்."

"எங்கிட்ட வந்திருக்கலாம்ல?"

"எப்படிடி வர்றது? எந்நேரமும் காதுல எதையாவது மாட்டிக்கிட்டே திரியிற!"

தெருப் பெண்கள் "அதானே" என்றார்கள். கோடாங்கி மாமா சைகை காட்டினார்: அடுத்ததைக் கேள்.

"என்ன வேணும் உனக்கு?"

உன் பேச்சி ஆயிற்றே. காலேஜுக்கு அனுப்பியவள். கொச்சிக்கும் அனுப்பச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நம்பினேன்.

"புள்ள கொச்சிக்குப் போகக் கூடாது!"

ரேஷ்மா சேச்சிக்குக் "கொச்சி" மட்டும் புரிந்தது. என்ன, என்ன என்று பக்கத்தில் கேட்டார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"நீதான என்னையப் படிக்க வைக்கச் சொன்ன?"

"படிக்கத்தான் சொன்னேன். போகச் சொன்னனா?"

"படிச்சவ வீட்டுக்குள்ளயே ஒக்காந்து என்ன செய்ய? நீயே சொல்லு! ஏன் போகக் கூடாது?"

அந்த மைக்கில், அந்த எக்கோவில், கத்தியது நான்தான். பேச்சியின் ஆட்டம் மட்டுப்பட்டது. அப்புறம் குரல் இறங்கியது.

"இவன் பாவம்டி."

"யாரு?"

"இவன்தான். உங்கப்பன். இவனுக்கு ஒல வைக்கத் தெரியாது. அடுப்பப் பத்த வைக்கப் பயந்து சாகுறான், சிலிண்டர் வெடிச்சுரும்ன்னு. நீ வேலைக்குப் போயி வர நேரமானா வாசலுக்கும் ரோட்டுக்கும் நடக்குறான், ஜீப்பத் தொடைக்கிற மாதிரி. வீடு சத்தமில்லாம இருந்தா தூங்க மாட்டேங்குறான். அந்த இன்வெர்ட்டர் சத்தம் செவுத்துல கேட்டாத்தான் இவனுக்குக் கண்ணு அசருது. அதையும் தூக்கிட்டுப் போயிட்டா இவன் என்னடி செய்வான்?"

மாரியப்பன் அண்ணன் எக்கோவை அணைத்தார்.

அம்மா, இவ்வளவு நாளும் அப்பா ஊர் பேசும் என்றுதான் தடுக்கிறார் என்று நினைத்திருந்தேன். நான் ஊரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஊர் இதில் எங்குமே இல்லை.

கோடாங்கி மாமா என் தோளைத் தொட்டு, "அழுகாத. பேரம் பேசு. சாமி எப்பவும் கூட்டித்தான் கேக்கும்" என்றார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "மாசத்துக்கு ஒருக்க வர்றேன்."

"வாரா வாரம்!"

"கொச்சியில இருந்து வாரா வாரம் எப்படித்தா வருவா?" என்று சின்னத்தாய் அத்தை குறுக்கே விழுந்தது. "மலைப்பாதைல வாந்தி எடுத்தே புள்ள செத்துப்போகும்."

"ரெண்டு வெள்ளிக்கு ஒருக்க" என்றார் கோடாங்கி மாமா. "தாயி, ஒத்துக்க. நியாயமான பேச்சு."

பேச்சி யோசித்தாள். "சரி. சோறு?"

"பொங்கக் கத்துக் குடுத்துட்டுத்தான் போவேன்."

"ரசம்?"

"ரசமும்."

"கருவாட்டுக் கொழம்பு?"

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். கருவாட்டுக் குழம்பு எனக்கே வராது. சாமியிடம் பொய் சொல்லக் கூடாது.

"கருவாட்டுக் கொழம்பு நான் குடுத்து விடுறேன் தாயி!" என்றது சின்னத்தாய் அத்தை. "சனிக்கெழம சனிக்கெழம. ஏனத்தைக் கழுவித் திருப்பிக் குடுக்கச் சொல்லு, அது போதும்."

பேச்சி ஒப்புக்கொண்டாள். நான் மேடைக்கு ஓடி, அடியை மெல்ல மெல்லக் குறைத்தேன். என் இசையில் இறக்கமே கிடையாது அம்மா, ஏற்றம் மட்டும்தான். அதை அங்கேயே, அந்த வெல்வெட் சோபாவில், கையால் செய்தேன். ஒவ்வொரு அடிக்கும் அப்பாவின் தோள் தாழ்ந்தது. யாரோ சமையல்கட்டில் இருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள். கடைசி அடியோடு அப்பா நாற்காலியில் சரிந்து, கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றார்.

கொச்சிப் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள். படம் பிடித்த பையன் அப்பாவிடம் ஓடிவந்து, "அச்சன் கிடிலன்!" என்றான். அப்பா பிரமாதம் என்று அர்த்தமாம். அப்பா என்னைப் பார்த்து, "இவன் என்னத்தச் சொல்றான்?" என்றார். ரேஷ்மா சேச்சி என் காதில், "அடுத்த ஷோவுக்கும் அச்சனைக் கொண்டுவரணும்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

எல்லாம் சுபம் என்று நினைப்பாய். இல்லை. மறுநாள் காலையில்தான் சிக்கலே புரிந்தது.

அப்பா வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நேத்து என்னத்தா ஆச்சு எனக்கு? ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது."

"கெறக்கம்ப்பா."

"ம். மதியம் சரியாச் சாப்பிடல. அதான்."

அவ்வளவுதான். அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. இருந்தாலும் வழக்கப்படி இருக்கக் கூடாது. உன் காலத்தில் பேச்சி உன்னிடம் வந்தாள், அப்பா எதிரே கைகூப்பி நின்று கேட்டுக்கொண்டார், மிக்ஸி வந்தது. இப்போது கேட்டுக்கொள்ள வேண்டியவரே சாமியாக நின்றுவிட்டார். நான் அவ்வளவு பாடுபட்டுப் பேசி முடித்த பேரத்தை யாரிடம் போய் நிறைவேற்றச் சொல்வது? நினைவூட்டவும் கூடாது. மறுபடி உடுக்கை அடியைப் போட்டு, பேச்சியை வரவழைத்து, அப்பாவிடம் சொல்லிவிடு என்று அப்பாவிடமே சொல்லியனுப்புவதா?

ஒரு வழிதான் இருந்தது. அது நம் வீட்டில் இதுவரை யாரும் செய்யாதது. நான் ஜீப்பின் அந்தப் பக்கம் போய் நின்றேன்.

"அப்பா, எனக்குக் கொச்சிக்குப் போகணும். ஆசையா இருக்கு."

அப்பா துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். அந்த வாய் "பா" என்று குவிவதைப் பார்த்துவிட்டேன்.

"பாப்போம்னு சொல்லாதீங்கப்பா. போன்னு சொல்லுங்க, இல்லைன்னா போகாதன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு. நீங்க தனியா இருக்கணுமேன்னு எனக்கும் கவலையா இருக்கு. ஆனாலும் போகணும்."

மைக் இல்லை, எக்கோ இல்லை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அப்பா துணியைப் பிழிந்தார். உதறினார். பானெட்டின் மேல் விரித்துக் காயப்போட்டார். மேற்கே மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தன டம்ளர் தண்ணி ஊத்தணும்?" என்றார்.

"ரெண்டரைப்பா."

"பழைய அரிசின்னா?"

"மூணு."

"வா, காட்டு. அந்தச் சிலிண்டர மட்டும் நீயே தொறந்து விடு."

அவருக்கு ஞாபகம் இருந்ததா அம்மா? நான் கேட்கவில்லை. வழக்கம் வழக்கம்தான்.

முதல் நாள் அவர் வடித்த சோற்றை வைத்துச் சினிமா போஸ்டர் ஒட்டியிருக்கலாம். "கொழையட்டும், பல்லு இல்லாத காலத்துல ஒதவும்" என்று சொல்லி முழுதும் சாப்பிட்டார். ரசம் மூன்றாவது முயற்சியில் ரசம் என்று சொல்லும்படி வந்தது. இப்போது ஜீப்பில் ஏறுகிற பெண்களிடம் எல்லாம் பெருங்காயம் எப்போது போடுவது என்று சந்தேகம் கேட்கிறாராம். ஆளுக்கொரு பதில் சொல்லி, குமுளி போகும்வரை சண்டையாம். நேற்று சின்னத்தாய் அத்தை முதல் சனிக்கிழமைக் குழம்பைக் கொடுத்துவிட்டது. ஏனத்தை அப்பாவே கழுவி, வெயிலில் கவிழ்த்து, கொண்டுபோய்க் கொடுத்தார்.

நான் நாளை, திங்கட்கிழமை, கிளம்புகிறேன். அப்பா குமுளி வரை ஜீப்பில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய லேப்டாப்பை அவர் அறையில் வைத்துவிட்டுப் போகிறேன். பொத்தானை எப்படி அழுத்துவது என்று காட்டிக் கொடுத்துவிட்டேன். ஏற்றம் இல்லாமல், இறக்கம் மட்டும் உள்ள ஒரு சத்தத்தைத் தூங்குவதற்கென்று செய்து அதில் போட்டிருக்கிறேன்.

இரண்டு வெள்ளிக்கு ஒருமுறை வந்துவிடுவேன். அது பேச்சிக்குக் கொடுத்த வாக்கு. உனக்குக் கொடுக்கிற வாக்கு வேறு. எனக்கு என்ன வேண்டும் என்பதை இனி நானே வாய் திறந்து கேட்பேன். நெஞ்சு வலித்தால் வலிக்கிறது என்று சொல்வேன். அப்பாவையும் சொல்ல வைப்பேன். கேட்கும்போது கைகால் நடுங்கத்தான் செய்யும். நடுங்கட்டும். அதைப் பார்த்துப் பக்கத்தில் யாரும் உடுக்கையை எடுத்துவிடாமல் இருந்தால் போதும்.

உன் வயிற்றில் பிறந்து, உன் சாமியிடமே பேரம் பேசிவிட்ட மகள்,
ஈஸ்வரி